ஸ்கி: கம்பெனிக்குக் கம்பெனி என்ன வித்தியாசம்?

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஜனவரியில பனிச்சறுக்கு விளையாட காஷ்மீர் குல்மார்க் போறோம். அட்டாமிக், ஃபிஷர், ரோசிக்னோல்னு ஸ்கிப் பலகைக் கம்பெனிகள், விலை ஆளுக்கொண்ணா இருக்கு. எல்லாம் ஒரே பலகைதானே?

அம்பாசமுத்திரம்: பத்தமடைப் பாய் மாதிரிதான். பாத்தா எல்லாம் பாய். விலை கோரையோட சன்னத்துல இருக்கு. பேரை விட்டுட்டு உள்ள என்னன்னு பாருங்க. நடுக்கட்டை பீச், ஆஷ் மரம்னா கனம், வேகத்துல ஆடாது. பவுலோனியா மரம் லேசு, ஆனா திருகுப் பிடிமானம் கம்மி. பூட்டைப் பலகையில பிடிச்சு வைக்கிற பைண்டிங் மாட்டுற இடத்துல கெட்டி மரமோ தகடோ வச்சிருக்கணும். உள்ள வைக்கிற தகடு டைட்டனால்னா டைட்டானியம்னு ஏமாறாதீங்க, அலுமினியக் கலவைதான்; அதிர்வை அடக்கும். அடிப்பாகம் சின்டர்டுன்னா, அதாவது பிளாஸ்டிக் தூளை அழுத்திச் செஞ்சதுன்னா, மெழுகைக் குடிக்கும், வேகமாப் போகும். மெழுகு போடாம விட்டா காய்ஞ்சு வெளுத்துடும். உருக்கிச் செஞ்ச எக்ஸ்ட்ரூடட் மந்தம், ஆனா கீறல் அடைக்கிறது சுளுவு.

தென்காசி: ஒண்ணு சேக்கணும். அட்டாமிக்கும் சாலமனும் ஒரே அமெர் ஸ்போர்ட்ஸ் குடும்பம். அதனால கம்பெனியை விட மாடலுக்கு மாடல்தான் வித்தியாசம் ஜாஸ்தி. புதுசா படிக்கிறவங்களுக்கு இடுப்பகலம், அதாவது பலகையோட நடு அகலம், 75–80 மி.மீ.; பலகை உயரம் அவங்க தாடை, மூக்கு மட்டம். கொண்டோலா கேபிள் கார்ல ஏறி புதுப்பனியில இறங்குறவங்களுக்கு நடு அகலம் 100 மி.மீ. பக்கம். வாடகைக்கு எடுத்தா ஓர இரும்பைப் பாருங்க. பலகையோட பக்கவாட்டுல விரிசல் இருந்தா தண்ணி இறங்கி கட்டை உப்பிரும்.

பாளையங்கோட்டை: பைண்டிங்கை நாமளே முறுக்கிக்கலாமா?

அம்பாசமுத்திரம்: வேண்டாம். எடை, உயரம், வயசு, பூட் அடி நீளம், பழக்கம் எல்லாம் சொல்லி கடைக்காரரையே வைக்கச் சொல்லுங்க. இறுக்கமா இருந்தா விழும்போது கழலாது, முட்டி போயிரும்.