எரிபொருள் விலை ஏறிவரும் நேரத்தில் டீசல் கார் வாங்குவது சரியா?

வழிப்போக்கன்:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் எனது பெட்ரோல் காரை மாற்றவேண்டிய வேளை வந்துவிட்டது. எரிபொருள் விலை நிற்காமல் ஏறுவதால், டீசல் வண்டிதான் கட்டுப்படியாகும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் விடாமல் வலியுறுத்துகிறார். டீசலின் காலம் முடிந்துவிட்டது, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று உறவினர் ஒருவர் அதே உறுதியோடு தடுக்கிறார். காரணம் கேட்டால் இருவரும் குரலை உயர்த்துகிறார்களே தவிர, கணக்கைக் காட்டுவதில்லை.

என் ஓட்டம் இதுதான். வேலை நாள்களில் அலுவலகத்துக்குப் போக 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர், வழிநெடுகச் சிக்னல்கள். மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் சென்று திரும்புவேன். மொத்தத்தில் ஆண்டுக்கு 13,600 கிலோமீட்டர் வருகிறது. புதிய டீசல் கார் ஒன்றையும், ஆறு ஆண்டுகள் ஓடிய டீசல் கார் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எரிபொருளில் மிச்சமாகும் தொகை பராமரிப்பில் போய்விடாதா என்பதே என் முதன்மையான ஐயம்.

கணக்கர்:

விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் பணத்தை ஒதுக்கிவிட்டு லிட்டரிலேயே கணக்கிடுவோம். ஒரே அளவுள்ள இரண்டு கார்களில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்ளுங்கள். உங்கள் 13,600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 907 லிட்டர், டீசல் 680 லிட்டர்; ஆண்டுக்கு 227 லிட்டர் மிச்சம். டீசல் காருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 1,500 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், அதை ஈடுகட்ட ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ 500 லிட்டர் மிஞ்சும் என்பதால் மூன்றே ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும்.

இரண்டு எரிபொருள்களின் விலையும் கால் பங்கு ஏறினால், வண்டி விலையில் உள்ள அதே வேறுபாடு 1,200 லிட்டருக்கு மட்டுமே சமமாகும். உங்கள் ஆறரை ஆண்டு ஐந்தேகால் ஆண்டாகச் சுருங்கும். விலையேற்றம் டீசலுக்குச் சாதகம் என்று உங்கள் நண்பர் சொல்வதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒன்றாக ஏறவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சரக்குப் போக்குவரத்து, வேளாண் இயந்திரங்கள், மின்னாக்கிகள் எனப் பலவும் டீசலையே நம்பியிருப்பதால், தட்டுப்பாடு வந்தால் டீசல் விலை தனியாகவே தாவக்கூடும். நான் எடுத்துக்கொண்ட அளவுகளின்படி, டீசல் விலை பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடினால் மிச்சம் என்பதே இல்லாமல் போய்விடும்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, டீசலில் 36. அதற்குமேல், பெட்ரோல் என்ஜினில் இருப்பதுபோல் தீப்பொறி இல்லாமல், காற்றைப் பதினைந்து மடங்குக்கும் மேல் அழுத்தி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால் வீணாகும் வெப்பம் குறைகிறது. ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897-இல் நடந்த சோதனையிலேயே 26 சதவீதத் திறனைக் காட்டியது. அக்கால நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை அதில் பாதியை எட்டவே திணறின.

இளங்காற்று:

கணக்கரின் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. எடுத்துக்கொண்ட 15, 20 என்ற அளவுகளில்தான் எனக்கு உடன்பாடில்லை. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ பொருத்திய இன்றைய பெட்ரோல் என்ஜின்கள் அந்த இடைவெளியைக் குறைத்துவிட்டன. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகர ஓட்டத்தில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும், என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் வண்டி டீசலையே முந்திவிடும். வழிப்போக்கனின் ஒப்பீட்டில் ஹைபிரிட் இடம்பெறவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

புகையைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வெளிவரும், பெட்ரோலில் 2.3 கிலோ, ஆனாலும் டீசல் குறைவாகச் செலவாவதால் கிலோமீட்டர்க் கணக்கில் டீசலே பெரும்பாலும் குறைவாக வெளியிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டீசல் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் மூச்சுவிடும் உயரத்திலேயே பரவுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆய்வகச் சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் பல லட்சம் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் இருந்தது 2015-இல் அம்பலமானபின், நகர நிர்வாகங்களின் பார்வையும் கடுமையானது. லண்டனில் மாசுக் கட்டணமின்றி ஓட்ட பெட்ரோல் காருக்கு ஐரோப்பியப் புகைத் தரங்களில் யூரோ 4 போதும், டீசல் காருக்கு யூரோ 6 வேண்டும். இத்தகைய விதிகள் நீங்கள் வாழும் ஊருக்கும் வந்தால் மறுவிற்பனை விலை என்னவாகும் என்பதையும் லிட்டரில் போட்டுப் பாருங்கள்.

திருப்புளி:

பட்டறையில் டீசல் வண்டிகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டீசலுக்கு எதிரி அல்லன். மலைப்பாதையில் ஆள் நிறைந்த வண்டியைக் குறைந்த சுழற்சியிலேயே இழுத்துச் செல்லும் அந்த வலு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் உங்கள் 13,600 என்ற எண்ணைவிட அந்த 8 என்ற எண்தான் எனக்குக் கவலை தருகிறது.

இன்றைய டீசல் காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டிபிஎஃப் என்பது அதுதான். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் வண்டி தானாகவே எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் பத்து முதல் இருபது நிமிட ஓட்டம் வேண்டும். வீணாகும் வெப்பம் குறைவு என்று கணக்கர் பாராட்டிய அதே குணத்தால் டீசல் என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். உங்கள் அலுவலகப் பயணத்தில் அது சூடேறி முடிவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். எரிப்பு பாதியில் நிற்கும், அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். சூட்டைக் கூட்டுவதற்காகப் பிந்தித் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த வண்டிகளில் ஆயில் அளவு கூடினால்தான் நான் அஞ்சுவேன்.

உங்கள் மாதாந்திர 800 கிலோமீட்டர் ஓட்டம் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆகவே முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். இடைப்பட்ட வாரங்களில் வண்டியை நிறுத்தும்போது மின்விசிறி இரைந்தாலோ, வெறுமனே நிற்கும்போது என்ஜின் சுழற்சி வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, அணைக்காமல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரவேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அப்படி ஓட்டும் சுற்றுகளும் டீசலைத்தானே குடிக்கும்!

பழைய வண்டியைப் பார்க்கப் போவதாக இருந்தால், நீங்கள் வரும்வரை என்ஜினை முடுக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் நிலை தெரியும். புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரலில் கரி ஏறாது. கன்னங்கரேலென்று ஒட்டினால் வடிகட்டியில் விரிசல் விட்டிருக்கும், அல்லது யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு மட்டும் பின்வாங்காதீர்கள், டீசலில் அது இயல்பு.

வழிப்போக்கன்:

மூவருக்கும் நன்றி. கணக்கரின் முறைப்படி என் கைக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில், புதிய டீசல் கார் எனக்கு ஏழாவது ஆண்டில்தான் ஆதாயம் தருகிறது. எனவே அதை விட்டுவிட்டேன். ஹைபிரிட் ஒன்றை அடுத்த வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்.

பழைய டீசல் காரை இன்று காலை பார்த்துவந்தேன். புகைக்குழாய் சுத்தமாகவே இருந்தது, குளிர்ந்த நிலையிலும் உடனே கிளம்பியது. ஆனால் ஆயில் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தபோது மேல்கோட்டுக்கு அரை விரற்கடை மேலே ஆயில் நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை அடிப்பதுபோலவும் இருந்தது. நேற்றுதான் ஆயில் மாற்றினோம், கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று விற்பவர் விளக்கினார். இதை நம்பலாமா?

திருப்புளி:

நேற்று மாற்றிய ஆயிலில் டீசல் வாடை வரக்கூடாது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, வடிகட்டியில் இப்போது எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக எரிப்பு முழுமையாக முடிந்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். ஸ்கேனரைப் பொருத்தவே விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த ஹைபிரிட்டை அடுத்த வாரம்வரை தள்ளிப்போடாமல் நாளைக்கே ஓட்டிப் பாருங்கள்.