12 மி.மீ. தகட்டில் தண்ணீர் தெளித்து லேசர் வெட்டலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பட்டறை:
பொள்ளாச்சியில் நார் உரிக்கும் இயந்திரம் செய்பவர் ஒருவர் சங்கிலிச் சக்கரம் நாற்பது கேட்டிருக்கிறார். ஒன்றுக்கு 24 பற்கள், 12 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகடு. என்னிடம் இருப்பது 3 கிலோவாட் ஃபைபர் லேசர், ஆக்சிஜனில் வெட்டுகிறேன். முதல் ஐந்தாறு சக்கரம் கண்ணாடி போல வருகிறது. பிறகு தகடு சூடேறி, பல் முனைகள் எலி கடித்த வெல்லக்கட்டி போல ஆகின்றன.

நேற்று பொறுமை போய்விட்டது. தென்னைக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, தகட்டின் மேல் தண்ணீர் அடித்துவிட்டு வெட்டினேன். இரண்டு சக்கரம் அருமையாக வந்தன. மூன்றாவதில் லேசரின் வெட்டும் தலை (ஹெட்) தவளையைப் போல மேலும் கீழும் துள்ளி, வெட்டு பாதியில் நின்றது. லேசர் ஒளியைத் தண்ணீர் குடித்துவிடுகிறதா?

கஞ்சிக்கோடு மூத்தவன்:
ஒளியின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. பழைய கார்பன் டை ஆக்சைடு லேசர் என்றால் மயிரிழை கனத் தண்ணீரே அதை விழுங்கிவிடும். ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான், மெல்லிய நீர்ப்படலத்தில் அது இழப்பது சொற்பம்.

துள்ளலுக்குக் காரணம் உயர உணரி. ஹெட்டின் முனையில் உள்ள நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மின்தேக்கத்தை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) அளந்துதான் அது இடைவெளியைக் கணக்கிடுகிறது. அங்கே ஒரு துளி புகுந்தாலும் அளவு தாறுமாறாகும், ஏனென்றால் காற்றைவிடத் தண்ணீரின் மின்கடத்தாமாறிலி (அந்தத் தேக்கத்தைக் கூட்டும் தன்மை) ஏறத்தாழ 80 மடங்கு. கனத் தகட்டுக்குத் தண்ணீரைத் துணைக்கு வைக்கும் பெரிய இயந்திரங்கள்கூட நாசிலைச் சுற்றி வளையமாக மெல்லிய நீர்ப்புகைதான் விடுகின்றன, குளம் கட்டுவதில்லை.

பல் முனை தீய்வது வேறு கதை. சூடான இரும்பு ஆக்சிஜனில் தானே எரியும். கூர்முனையில் ஹெட் வேகம் குறைகிறது, அந்தக் குறுகிய இடத்தில் சூடு போக வழியும் இல்லை. முனையைத் தாண்டிக் கழிவுப் பக்கம் ஒரு சிறு வளையம் சுற்றித் திரும்பி வரும்படி நிரலில் போடுங்கள். அடுத்தடுத்த சக்கரத்தை வெட்டாமல், தகட்டின் மறுகோடிக்குப் போய்ப் போய் வாருங்கள். அலுமினியத்தில் மட்டும் இந்தத் தண்ணீர் விளையாட்டு வேண்டாம்: உருகிய அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், வெடிக்கும்.

வாளையார் வாசகி:
ஒரு சின்னக் குறுக்கீடு. தண்ணீருக்குள்ளேயே லேசரை அனுப்பி வெட்டும் முறையும் உண்டு. மயிரிழையளவு நீர்த்தாரைக்குள் பச்சை லேசர் முழு அக எதிரொளிப்பால், அதாவது தாரையின் ஓரத்தில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி, வெளியே சிதறாமல் ஓடும். 1993-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பெர்னோல்ட் ரிச்செர்சாகன் கண்ட வழி. ஒளி நீர்த்தாரையோடு ஓடும் என்பதை சுவிஸ் இயற்பியலாளர் கொலாடன் 1842-லேயே எழுதிவிட்டார். வைரம் வெட்ட அருமையானது. அண்ணாவின் நார் இயந்திரத்துக்கு இது தேவையில்லை!

கொழிஞ்சாம்பாறைப் பட்டறை:
முனைக்கு முனை அந்தச் சிறு வளையத்தை நிரலில் போட்டேன், வெட்டும் வரிசையையும் மாற்றினேன். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பதினெட்டு சக்கரம் முடிந்தது, மூன்று பல் மட்டும் லேசாகத் தீய்ந்திருக்கின்றன. அரம் போட்டால் போதும். நீர்ப்புகை வளையம் செய்யும் ஆசை மட்டும் விடவில்லை, ஐயா. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் குடத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். தெளிப்பு நாசில் எத்தனை நாளில் அடைக்கும்? மழைநீரைச் சேர்த்து வைத்து விடலாமா?