விர்ச்சுவலைசேஷன் மாநாட்டுக்குப் போய்வந்த நம்ம மாவட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள்

பழையாறு:

மக்களே, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்வர் ரூமைப் பதினாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். விர்ச்சுவலைசேஷன் (ஒரே சர்வருக்குள் விஎம் என்கிற பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டுவது) சம்பந்தப்பட்ட மாநாடு, கூட்டம் எதற்காவது போனவர்கள் இருந்தால், அங்கே நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

இதற்கு நாங்கள் வைத்திருக்கிற சாஃப்ட்வேரின் கம்பெனி விஎம்வேர், 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்கிற லைசென்ஸ் விற்பனை நின்றுவிட்டது. இனிமேல் சந்தா, அதுவும் சிபியுவுக்குள் எத்தனை கோர் (தனித்தனிச் செயலிப் பகுதி) இருக்கிறது என்ற கணக்கில். எங்களுக்குச் சப்ளை செய்யும் டீலரைக் கேட்டால் மூன்று வாரமாக "பாத்துச் சொல்றேன் சார்" என்ற பதில்தான். நிர்வாகியோ பட்ஜெட் தொகையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் பெங்களூருவில் பயனர்கள் கூடுகிற ஒருநாள் கூட்டம் இருப்பது தெரிந்தது. லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து ராத்திரி ரயில் ஏறினேன்.

காலை முழுக்க மேடையில் பிரைவேட் கிளவுட் (ஒரு நிறுவனம் தனக்கென்றே நடத்தும் கிளவுட்) பற்றிப் பேசினார்கள். நல்ல பேச்சுதான், ஆனால் ஆயிரக்கணக்கில் விஎம் வைத்திருப்பவர்களுக்கானது. என்னிடம் இருப்பது மூன்று சர்வர், இருபத்தாறு விஎம். டீ இடைவேளையில் பக்கத்தில் நின்றவர் கோயம்புத்தூர்க்காரர், ஒரு மில்லில் இதே வேலை பார்க்கிறார். நான் கொண்டுபோயிருந்த தாளை வாங்கி, டீ கப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். சர்வருக்கு இரண்டு சிபியு, ஒவ்வொன்றிலும் 8 கோர், ஆக மூன்று சர்வருக்கும் 48 என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 96 என்று எழுதினார். சிபியுவில் 16-க்குக் குறைவாக எத்தனை கோர் இருந்தாலும் 16 என்றே எண்ணுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

"அடுத்த தடவை சர்வர் வாங்கறப்ப 16 கோர்ல ஒத்த சிபியு போடுங்கண்ணா. மூணுக்கும் சேத்து 48ல முடிஞ்சிரும்" என்றார். மூன்று வாரமாக எனக்குக் கிடைக்காத பதில் டீ ஆறுவதற்குள் கிடைத்தது. அந்தத் தாள் இன்றைக்கும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

வள்ளியாறு:

தக்கலைப் பக்கம் நான். நேரில் எதற்கும் போனதில்லை. ஆனால் 2020-லும் 2021-லும் கொரோனாவால் விஎம்வேரின் வருடாந்தர மாநாடான விஎம்வேர்ல்டு முழுக்க ஆன்லைனில் நடந்தது நினைவிருக்கிறதா? 2004-ல் சான் டியேகோவில் தொடங்கியதிலிருந்து விமானம் ஏறினால்தான் பார்க்க முடியும் என்றிருந்த மாநாடு, முதல்முறையாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. வீட்டுக்குள் டவர் கிடைக்காது, அதனால் திண்ணையில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். 2022-ல் பெயரை விஎம்வேர் எக்ஸ்ப்ளோர் என்று மாற்றி மறுபடியும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற விஎம்மை நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு நகர்த்துவதை ஆன்லைன் லேப்பில் நானே என் கையால் செய்து பார்த்தது மறக்கவில்லை. விஎம் பதில் சொல்கிறதா என்று பார்க்கிற பிங் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரே ஒரு பாக்கெட்தான் விட்டுப்போனது. அதை உடனே காட்ட பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஒரு ஆள் இல்லையே என்றிருந்தது. பழையாறு அண்ணன் சொன்ன டீ மேஜை ஆன்லைனில் கிடையாது.

குளச்சல் அலை:

ஷார்ஜாவில் ஒரு குடோன் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். 2024 அக்டோபரில் துபாய் வேர்ல்டு டிரேட் சென்டரில் நடந்த ஜைடெக்ஸ் தொழில்நுட்பக் கண்காட்சிக்குப் போனேன். அரங்கம் அரங்கமாக ஏஐ என்றே எழுதியிருந்தது. ஆனால் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) விற்கிற ஸ்டாலில் நின்றவர்கள் யாரும் ஏஐயைப் பற்றிக் கேட்கவில்லை, "விஎம்வேர்ல இருந்து உங்ககிட்ட எப்படி வர்றது" என்றுதான் கேட்டார்கள். சில வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்ததில்லை.

ஒரு ஸ்டாலில் விற்பனைக்காரர் லினக்ஸ் விஎம் ஒன்றைச் சில நிமிடத்தில் மாற்றிக் காட்டினார். எங்கள் கணக்கு சாஃப்ட்வேர் ஒரு யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும், அதை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே இருந்த இன்ஜினியரைக் கூப்பிட்டார். வந்தவர் திருவனந்தபுரத்துக்காரர். நான் குளச்சல் என்றதும் தமிழுக்கு மாறிவிட்டார். உட்கார நாற்காலி இல்லை. ஸ்டாலுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

"டாங்கிளை ஒரு சர்வரில் செருகி விஎம்முக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த சர்வர் விழுந்தால் விஎம் பக்கத்து சர்வரில் எழுந்திருக்கும், டாங்கிள் பழைய இடத்தில்தான் கிடக்கும். அதனால் நெட்வொர்க் வழியாக யுஎஸ்பி கொடுக்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்குங்கள், அதற்கப்புறம் எங்களிடம் வாங்குவதா வேண்டாமா என்று பாருங்கள்" என்றார். விற்க வந்த இடத்தில் அவர் அப்படிப் பேசியது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. அந்தப் பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன்.

தோவாளைப் பூ:

நான் சொல்வது லைசென்ஸ் விஷயம் இல்லை. சென்னையில் ஒரு கூட்டத்தில் டிசாஸ்டர் ரெக்கவரி (பேரிடருக்குப் பிறகு சிஸ்டத்தை மீட்பது) பற்றிப் பேசினார்கள். பேசியவர் "உங்கள் இடத்தில் கரண்ட் எவ்வளவு நேரம் போனால் சமாளிப்பீர்கள்" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று பதில் வந்தது. என் முறை வந்தபோது, 2017 ஒக்கி புயலில் எங்கள் தெருவுக்கு ஒன்பது நாள் கரண்ட் இல்லை என்றேன். அறையில் சத்தமே இல்லை.

அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல், "மேல சொல்லுங்க" என்றார். சொன்னேன். நவம்பர் 30 காலையில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. எங்கள் முதல் சர்வர் நாகர்கோவிலில், நகல் மார்த்தாண்டத்தில். முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம் என்று தைரியமாக இருந்தோம், ஒரே காற்றில் இரண்டு ஊரும் இருட்டாகிவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க கேனோடு வரிசையில் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. அதற்குமேல் சர்வரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை, மேடையிலும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் அவரே தேடி வந்தார். இரண்டாவது நகலை ஒரே புயல் தொடாத இடத்தில் வைக்க வேண்டும், தூரத்தைவிட அதுதான் முக்கியம் என்று சொல்லி, எங்கள் சின்ன லைனில் ராத்திரியில் எவ்வளவு டேட்டா அனுப்ப முடியும் என்று கூடவே உட்கார்ந்து பார்த்தார். இப்போது எங்கள் நகல் கோயம்புத்தூரில் இருக்கிறது.

குழித்துறை மாமரம்:

தோவாளை அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) கம்ப்யூட்டர் பிரிவு. 2024 டிசம்பரில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெடிஸ் சாஃப்ட்வேருக்கான கியூப்கான் மாநாடு இந்தியாவில் முதல்முறையாக டெல்லியில் நடந்தது. தனியாகப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு மனசே இல்லை. அண்ணன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தான். நிஜாமுதீன் ரயிலில் இரண்டு நாள்.

விஎம்களையும் கன்டெய்னர்களையும் (ஒரு புரோகிராமைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் முறை) குபர்னெடிஸில் ஒரே இடத்தில் ஓட்டலாம் என்று கியூப்விர்ட் பற்றிப் படித்திருந்தேன். மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "உங்ககிட்ட எத்தனை விஎம்?" என்று கேட்டார். பதினொன்று. "பராமரிக்க எத்தனை பேர்?" நான் ஒருத்திதான். "அப்படியானால் இது வேண்டாம்மா. பிராக்ஸ்மாக்ஸ் பார், அதுவும் விஎம்களை ஓட்டும் சாஃப்ட்வேர்தான். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேராக இழுத்துக்கொள்ளும் வசதி இந்த வருடம்தான் வந்திருக்கிறது" என்றார். குபர்னெடிஸ் மாநாட்டிலேயே குபர்னெடிஸ் வேண்டாம் என்று ஒருத்தர் எனக்காக யோசித்துச் சொன்னார்!

ஊருக்கு வந்து ஒரு சனிக்கிழமை ராத்திரி மாற்றினேன். லினக்ஸ் எல்லாம் சுலபமாக வந்துவிட்டது. சம்பளக் கணக்கு இருக்கிற விண்டோஸ் சர்வர் மட்டும் நீலத்திரையில் நின்றது, பூட் டிஸ்க்கே தெரியவில்லை என்று. ராத்திரி ஒரு மணி. திங்கள்கிழமை அங்கே முந்நூறு பெண்களுக்குக் கூலி போட வேண்டும். கை நடுங்கியது. அப்புறம்தான் புரிந்தது, பிராக்ஸ்மாக்ஸில் விர்ட்ஐஓ வகையாகக் கொடுத்த டிஸ்க்கைப் படிக்கிற விர்ட்ஐஓ டிரைவர் விண்டோஸுக்குள் இல்லை. டிஸ்க்கை முதலில் விண்டோஸுக்குத் தெரிந்த சாட்டா வகைக்கு மாற்றிப் பூட் செய்தேன், எழுந்தது. டிரைவரைப் போட்டேன். ஒரு ஜிபியில் சும்மா ஒரு டிஸ்க்கை விர்ட்ஐஓவாகச் சேர்த்து, விண்டோஸ் அதை அடையாளம் கண்ட பிறகு ஷட்டவுன் செய்து, மெயின் டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றினேன். மூன்றே முக்காலுக்கு லாகின் திரை வந்தது. இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் விஎம் பழைய இடத்தில் இருக்கும்போதே டிரைவரைப் போட்டுவிடுங்கள், எனக்கு ஆனதுபோல ஆக வேண்டாம்.

பழையாறு:

தங்கச்சி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு விஎம்வேரின் வி-ஸ்பியர் 7-க்கு ஜெனரல் சப்போர்ட் முடிந்துவிட்டது. எங்கள் லேப் ரிப்போர்ட் விஎம்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. டிரைவரை இந்த வாரமே போட்டு வைக்கிறேன்.

பெங்களூருவில் அடுத்த கூட்டம் அறிவித்ததும் இங்கே எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வள்ளியாறு தம்பி, இந்தத் தடவை நேரில் வா, உனக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன். உங்கள் சர்வர்களின் சிபியு, கோர், டாங்கிள் விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ரயிலில் சாப்பிட மட்டிப்பழம் ஒரு சீப்பு நான் கொண்டுவருகிறேன்.