நியூரோபெப்டைட் வை: அளந்தது இரத்தத்தை, மூளையை அல்ல

வெள்ளவத்தை வாணி:
குமார் நேற்றுப் போட்டதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "நரம்புகள் சுரக்கும் நியூரோபெப்டைட் வை என்ற பொருள் கூடியவனுக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் வராது. போரும் சுனாமியும் கண்ட எங்கள் சனத்துக்கு அது பிறப்பிலேயே கூட" என்கிறார். எங்கள் சனத்தின் மூளையை எங்கே அளந்தீர்கள்? நீங்கள் காட்டும் 2000ஆம் ஆண்டு ஆய்வு அமெரிக்கப் படையினரைப் பற்றியது. அதிலும் அளந்தது இரத்தம்.

கொட்டாஞ்சேனை குமார்:
இரத்தம் என்றால் என்ன? எதிரி பிடித்தது போல அடைத்து வைத்து விசாரித்த பயிற்சி அது. விசாரணை முடிந்ததும் விசேட படையினருக்கு அந்த அளவு மற்றப் படையினரைவிடக் கூட. மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கோ முன்பிருந்ததைவிடக் கீழே போய்விட்டது. வேறென்ன சான்று வேண்டும்?

வாணி:
இரத்தம், குமார். பயத்தில் நெஞ்சு அடிக்கும்போது உடலை உசுப்பும் பரிவு நரம்புகளின் நுனியிலிருந்து, நோரட்ரினலின் என்ற சுரப்போடு சேர்ந்து இரத்தத்துக்கு வருவதும் இதே பொருள்தான். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் அது பயத்தை அடக்குவது வேறு கணக்கு. பிறப்பிலேயே இருந்ததா, பயிற்சியில் வந்ததா என்பதற்கும் அதில் பதில் இல்லை.

தெஹிவளை ரூபன்:
அக்கா, முதுகுத்தண்டு நீரிலும் பார்த்திருக்கிறார்கள். போருக்குப் போய் அந்த நோயோடு திரும்பியவர்களுக்கு அங்கேயும் குறைவு. அது இரத்தம் இல்லையே?

வாணி:
நோய் வந்த பிறகு எடுத்த நீர், தம்பி. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா? குமார் காட்டியது இரத்தம். அதற்குப் பதில் வரட்டும்.

குமார்:
வல்லாரைச் சம்பல் விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துத் தொங்கினீர்கள். ஆய்வுகூடத்தில் வேலை என்றால் எல்லாம் தெரியுமோ? என் அப்பா 1983 கலவரத்தில் கடையை இழந்தவர். ஒருநாளும் குளிசை போட்டதில்லை.

வாணி:
அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் குளிசை போடாதவர் எல்லாம் நோயில்லாதவர் இல்லை. மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லி 'அங்கொடைக்குப் போனவன்' என்பார்களே, அந்தப் பெயருக்குப் பயந்து டொக்டரிடமே போகாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! "எங்கள் சனத்துக்கு வராது" என்று நீங்கள் எழுதினால் அவர்கள் இன்னும் ஒளிப்பார்கள். என் கோபம் அதுதான்.

மருதானை நஸீர்:
அங்கொடையை ஏன் இழுக்கிறீர்கள்? என் மாமி அங்கே தாதியாக இருந்தவர். அந்த ஊர்ப் பெயரை வசை மாதிரிப் பாவிக்க வேண்டாம்.

வாணி:
மற்றவர்களின் பயத்தைத்தான் சொன்னேன். முழுதாக வாசியுங்கள்.

நஸீர்:
வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

குமார்:
பார்த்தீர்களா, எல்லோரோடும் சண்டை. விசேட படையினருக்குக் கூடியது கூடியதுதான்.

வாணி:
இரத்தத்தில்!

ரூபன்:
எலிகளின் அமிக்டலாவிலேயே நேராக ஏற்றிப் பார்த்திருக்கிறார்களே அக்கா. பதற்றம் குறைந்ததாம்.

வாணி:
எலிக்கு, தம்பி. குமார் எழுதியது எங்கள் சனத்தைப் பற்றி.