தமிழில் எண்ணினால் மூளைக்கு வயசாகுமா?

பழையசோறு:
நேத்து ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "மூளை வயசு சொல்ற எண் ஆட்டத்துல இலக்கங்களைத் தமிழ்ல மனசுக்குள்ள சொல்லாதீங்க, இங்கிலீஷ்ல சொல்லுங்க, பத்து வயசு குறையும்." தமிழ் என்ன மூளைக்கு மூட்டுவலியா? எதை வெச்சு சொன்னீங்க?

எட்டாம்நம்பர்:
சொன்னது நான்தான். ஒண்ணுல இருந்து ஒம்பது வரை தமிழ்ல 19 சிலபிள், அதாவது ஒரு உயிரொலியோட வர்ற ஒலித்துண்டு. இங்கிலீஷ்ல செவன் மட்டும் ரெண்டு, மொத்தம் 10. ஆட்டத்துல திரையில வர்ற நம்பர் மறைஞ்சதும், அதைத் திரும்பத் தட்டுற வரைக்கும் உள்ளுக்குள்ள சொல்லி ஓட்டிட்டே இருக்கணும். ஒரு சுத்துல ரெண்டு வினாடி அளவுக்குத்தான் பேச்சு நிக்கும். பேர் நீளமானா இலக்கம் கொறையும். 1980லயே எல்லிஸ், ஹென்னலின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க, வெல்ஷும் (வேல்ஸ் நாட்டு மொழி) இங்கிலீஷும் தெரிஞ்சவங்களை வெச்சுக் காட்டியாச்சு. வெல்ஷ் எண்ணைச் சொல்ல நேரம் அதிகம், ஞாபகத்துல நின்ன இலக்கம் கம்மி.

பழையசோறு:
வெல்ஷ்காரன் தமிழ் பேசினானா? சிலபிள் கணக்கெல்லாம் அவனுக்கு. நமக்கு மாத்திரை, எழுத்தை ஒலிக்கிற நேரக் கணக்கு. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் குற்றியலுகரம், கடைசி உகரம் அரை மாத்திரைதான். உங்க 19 அங்கயே செத்துச்சு.

நெடிலடி:
ஐயா, ஏழு குற்றியலுகரம் இல்ல. ழு வல்லினமா? அது முற்றியலுகரம், முழு ஒரு மாத்திரை. நாலு, மூணு, ஒண்ணு எல்லாம் அதே கதைதான். நான்கு, மூன்று, ஒன்றுன்னு ஏட்டுல இருக்கிற மாதிரி சொன்னாத்தான் குறுகும்.

பழையசோறு:
இலக்கண வகுப்பு யாரு கேட்டா? போன மாசம் "சந்திப்பிழை"ன்னு எல்லார் பதிவுலயும் ஏறி உக்காந்தது நீங்கதானே.

பகடை:
நடுவுல ஒரு சந்தேகம். மூளை வயசுன்னா என்னன்னு யாராவது சொன்னீங்களா? 2005ல ஜப்பான் மூளை ஆய்வாளர் கவாஷிமா பேர்ல வந்த நின்டெண்டோ ஆட்டம் 20க்குக் கீழ காட்டவே காட்டாது. அதுல 20 எடுத்தவனுக்கு பத்து வயசு எப்படிக் குறையும்? விளம்பரத்துல அளந்து விட்டதுக்கு, மூளைப் பயிற்சி ஆட்டம் விக்கிற லுமாசிட்டிக்காரங்க 2016ல அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டினாங்க.

எட்டாம்நம்பர்:
அது வேற. பேச்சு 19ஆ 10ஆன்னுதான்.

பழையசோறு:
சரி, 19ன்னே வைங்க. தனித்தனியா எண்ணுறவன் எவன்? ரெண்டு ரெண்டாக் கட்டுவோம். நாப்பத்தேழு நாலு சிலபிள், ஃபார்ட்டி செவன் நாலு சிலபிள். வித்தியாசம் எங்க?

எட்டாம்நம்பர்:
82 சொல்லுங்க பார்ப்போம். எண்பத்திரெண்டு அஞ்சு, எய்ட்டி டூ மூணு. வசதியா 47ஐப் பொறுக்கி எடுத்தா?

பழையசோறு:
இங்கிலீஷ்ல ஃபைவும் நைனும் குழம்பும். அதனாலதான் விமானி ரேடியோவுல "நைனர்"னு சொல்றான். நமக்கு அஞ்சும் ஒம்பதும் எப்பவாவது குழம்புமா?

நெடிலடி:
நமக்கு ஒம்பதும் 'உ'லதான் முடியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒரே வால்.

எட்டாம்நம்பர்:
செய்முறை சொல்றேன், செஞ்சு பாத்துட்டுப் பேசுங்க. பத்து இலக்கம் வந்தா 3-3-4ஆ வெட்டுங்க. முதல் ரெண்டு துண்டை மட்டும் உள்ளுக்குள்ள சொல்லுங்க. கடைசி நாலைச் சொல்லாம கண்ணுல நிறுத்துங்க. 44 வந்தா "டபுள் ஃபோர்"னு சொல்லாதீங்க, தட்டும்போது கை ஒரே 4ஓட நின்னுடும். அங்க விழ வாய்ப்பு இருக்கு. இதையே தமிழ்ல பத்து ஆட்டம், இங்கிலீஷ்ல பத்து ஆட்டம், மாத்தி மாத்தி. ஒரு மொழியை முதல்லயே முடிச்சா ரெண்டாவதுக்குப் பழக்கம் ஏறிடும்.

பகடை:
அப்போ பழக்கம்தானே எல்லாம்? 1980ல எரிக்சன்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு ஒரு மாணவனுக்கு 230 மணி நேரம் பயிற்சி குடுத்து 7 இலக்கத்துல இருந்து 79 வரைக்கும் கொண்டு போனாங்க. எண்ணுக்குப் பதிலா எழுத்து குடுத்ததும் ஆறுக்கு விழுந்துட்டான். அவன் மூளை வயசு எத்தனைன்னு சொல்லுங்க?

பழையசோறு:
அந்த மாணவன் தமிழ்லயா எண்ணினான்?

எட்டாம்நம்பர்:
அவன் ஓட்டக்காரன். 3492ஐ மைல் ஓடின நேரமா மாத்தி வெச்சான், 3 நிமிஷம் 49.2 வினாடின்னு. எண்ணோட பேரை மட்டும் நம்பல.

பழையசோறு:
பாத்தீங்களா, மொழி முக்கியமில்லன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

எட்டாம்நம்பர்:
எங்க ஒத்துக்கிட்டேன்? "த த த"ன்னு வாய்க்குள்ள சொல்லிட்டே ஆடுங்க, உள்ள ஓட்டுறது நிக்கும், அப்ப வேணா மொழி வித்தியாசம் போகும். வெல்ஷ் சோதனையிலயும் அப்படித்தான் போச்சு. மத்தபடி 19, 19தான்.

பழையசோறு:
19 இல்ல. ஒம்பதை "ஒம்போ"ன்னு சொல்ற ஊரும் இருக்கு, 18.

நெடிலடி:
எந்த ஊரு?

பழையசோறு:
உங்களுக்கு எதுக்கு? முதல்ல ஏழுக்கு வாங்க.