கிரானைட்லேர்ந்து கேஸ் வருமா? பாறை வெடிப்பு பத்தி ஒரு சந்தேகம்

கடலூர் தம்பி:
அண்ணன்களே வணக்கம், எம்எஸ்சி ஜியாலஜி படிக்கிறேன். எண்ணெயும் கேஸும் மணற்பாறையோட துளைக்குள்ள இருக்கும்னுதான் இதுவரைக்கும் மண்டைல ஏறியிருக்கு, ஆனா நம்ம புதுச்சேரி கடல்ல பிஒய்-1ங்கிற கேஸ் வயல்ல கேஸ் வர்றதே வெடிப்பு விட்ட கிரானைட்லேர்ந்துதான்னு சார் சொன்னாரு. கிரானைட்ல துளையே கிடையாதே, முடி அளவு வெடிப்புல எவ்ளோ வந்துடும்?

செஞ்சிக்காரன்:
தம்பி, எங்க பக்கம் போர் போடுறத பாத்தா புரியும். எங்க மாமா நிலத்துல 300 அடி வரைக்கும் வெறும் வெள்ளைப் பொடி, முகமெல்லாம் மாவு பூசுன மாதிரி நின்னோம், திடீர்னு பொடி ஈரமாச்சு, அடுத்த ராடு இறக்குறதுக்குள்ள தண்ணி பீச்சி அடிச்சுது. பக்கத்து நிலத்துல போட்டது கடைசி வரைக்கும் புகைதான். ஒரே பாறை, ஊத்துக்கண்ணு, அதாவது தண்ணி ஓடுற வெடிப்பு, மாட்டுச்சா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்.

ரிக்கு வேலை, புதுச்சேரி:
செஞ்சி அண்ணன் சொன்னது கரெக்ட். வெடிப்போட அகலம் ரெண்டு மடங்கானா அது வழியா ஓடுறது 8 மடங்காகும், அதனால முடி அளவுன்னு லேசா நினைக்காத. ஆனா எண்ணெய் எங்க தேங்கியிருக்குன்னு தனியா கேக்கணும். ஈரான் அஸ்மாரி சுண்ணாம்புக்கல்ல பெரும்பாலும் கல்லுத் துளைக்குள்ளதான் தேங்கியிருக்கு, வெடிப்பு அத கிணத்துக்குக் கொண்டாந்து சேக்குற வாய்க்கா. வியட்நாம் பாக் ஹோ எண்ணெய் வயல்ல 1988லேர்ந்து கிரானைட்லேர்ந்தே எடுக்குறாங்க, அங்க இருப்பும் வெடிப்புலதான் வழியும் வெடிப்புலதான். ட்ரில் பண்றப்ப கிணத்துக்குள்ள சுத்த விடுற மட், அதான் சேத்துக் கலவை, திடீர்னு பாறைக்குள்ள போயி திரும்பி வரலன்னா எங்களுக்கெல்லாம் பதட்டம், ஜியாலஜிஸ்ட் மட்டும் ஓடி வந்து ஆழத்தக் குறிச்சுக்குவாரு, வெடிப்பு இருக்குறதுக்கு அதான் மொத அடையாளம்.

கடலூர் தம்பி:
சூப்பர்ணா! அப்ப வெடிப்பு நெறைய இருந்தா நல்லதுதானே?

ரிக்கு வேலை, புதுச்சேரி:
அப்படி இல்லப்பா. அதே வெடிப்பு கீழ இருக்குற தண்ணி வரைக்கும் போச்சுன்னா, அவசரப்பட்டு இழுக்கறப்ப தண்ணி முந்திக்கிட்டு வந்துடும், கல்லுக்குள்ள இருக்குற எண்ணெய் அங்கயே மாட்டிக்கும். பிரஷர் எறங்க எறங்க வெடிப்பு மூடிக்கவும் செய்யும். இன்னொண்ணு, காலேஜ்ல கோர் (கிணத்துலேர்ந்து உருளையா வெட்டி எடுத்த பாறைத் துண்டு) இருந்தா கைல எடுத்துப் பாரு, குறுக்கால வெள்ளைக் கோடு ஓடும், ஒரு சொட்டு ஆசிட் விடு, நுரைச்சா கால்சைட்ங்கிற சுண்ணாம்புக் கனிமம். அது ஒரு காலத்துல வெடிப்பா இருந்து அடைஞ்சு போன எடம், அது வழியா சொட்டுக்கூட வராது.