40 டாலர் ஸ்டெல்லா: கழுத்தைக் கழற்றுவதா, அப்படியே விடுவதா?

கம்பிக்காரன்:
நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் 40 டாலருக்கு ஸ்டெல்லா என்ற பிராண்டில் பழைய பார்லர் கிட்டார் (சின்ன உடல் வகை) வாங்கினேன். விற்ற பெரியவர், "ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி வாசித்த அதே ஸ்டெல்லா, இங்கே ஜெர்சி சிட்டியில் செய்தது" என்று சொல்லித்தான் தந்தார். கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குப்பட்டைகளில் 12ஆவதில் (ஃப்ரெட்) கம்பி 5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, எஃப் கார்டு பிடித்தால் விரல் கிழிகிறது. பழைய பூச்சைச் சுரண்டி வார்னிஷ் அடித்து, கழுத்தையும் சரிசெய்தால் என்ன விலை போகும்?

மரத்தூள்:
முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். பூச்சைச் சுரண்டினால் இருக்கிற விலையும் போய்விடும். துளைக்குள் டார்ச் அடித்து முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

கம்பிக்காரன்:
எச்929 என்று முடியும் ஒரு எண், பக்கத்தில் எஃப்-64.

மரத்தூள்:
அப்படியானால் பெரியவர் கதை விட்டிருக்கிறார். ஜெர்சி சிட்டியில் செய்தது ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனி, லெட் பெல்லியின் 12 கம்பி ஸ்டெல்லா அந்தக் காலத்துச் சரக்கு. 1939இல் சிகாகோவின் ஹார்மனி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. எச்929 ஹார்மனியின் மாடல் எண், 64 ஆண்டு; அதாவது உங்களுடையது ஹார்மனி 1964இல் மாணவர்களுக்காகச் செய்து தள்ளியது: பிர்ச் மரம், ஓரத்தில் பைண்டிங் (ஒட்டிய விளிம்புப் பட்டை) மாதிரித் தெரிவது வெறும் வெள்ளைப் பெயின்ட். நான் பார்த்தவரை 100, மிஞ்சினால் 150 டாலர். கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்டும் ரீசெட்டுக்குக் கடையில் 400 டாலருக்குக் குறையாமல் கேட்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பழஞ்சரக்கு:
எல்லாவற்றையும் விற்கிற விலையிலேயே அளந்தால் எப்படி மரத்தூள்? உள்ளே ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டம் போட்ட பெட்டி அது. டங்கென்று எழுந்து சட்டென்று அடங்கும் அந்தச் சத்தம் சட்டங்களை எக்ஸ் வடிவில் போட்ட புது கிட்டாரில் வராது, ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் அதற்காகவே இதைத் தேடுகிறார்கள். கடைக்கு ஏன் போகவேண்டும்? கழுத்து சேருமிடத்தில் ஒரு ஃப்ரெட்டைக் கழற்றி, சிறு துளை போட்டு ஆவி விட்டால் பழைய பசை இளகிவிடும், நானே இரண்டு செய்திருக்கிறேன்.

மரத்தூள்:
இரண்டு செய்தவர் சொல்வதை நம்பி முதல் தடவைக்காரர் ஆவி விட்டால் மேல்பலகை உப்பிக்கொண்டு வரும். கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் மேல்பலகையில் ஒட்டாமல் நிற்கிற வகைதானே, அதைத் தேய்த்து இறக்கினால் போதும்.

பழஞ்சரக்கு:
போதாது. கம்பி பின்னால் பெட்டியின் அடி ஓரத்து உலோகத் தகட்டில் (டெயில்பீஸ்) மாட்டியிருக்கிறது, பிரிட்ஜைக் குட்டையாக்கினால் கம்பி அதன்மேல் அழுந்தாது, சத்தம் செத்துப்போகும்.

கம்பிக்காரன்:
பிரிட்ஜை ஏற்கெனவே யாரோ தேய்த்திருக்கிறார்கள் அண்ணே, ஒரு பக்கம் சாய்வாக இருக்கிறது. இன்று கம்பிகளை இறக்கிவிட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கழுத்து பெட்டியோடு சேரும் அடிக்குதிகாலில் பெயின்ட் பூசி மறைத்த ஒரு திருகு.

பழஞ்சரக்கு:
ஐயோ. அது ஃபாக்டரித் திருகு இல்லை, கழுத்து விட்டுப்போனபோது யாரோ முறுக்கியது. அதைக் கழற்றாமல் ஆவி பக்கமே போகாதீர்கள்.

மரத்தூள்:
இதில் மட்டும் நான் உங்கள் கட்சி. குதிகாலை நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, விரிசல் இருக்கிறதா பார்ப்போம்.